கலை அரங்கம்: சோழர் வேடமும் சோழர் உடையும்



ஆண்டு விழா என்றதும் நம் பிள்ளைகள் சரித்திர நாடகம் நடிக்க விரும்புவர். அவற்றுள் இராசராசன் நாடகத்திற்கே முதலிடம். பெற்றோர் உடனே வாடகைக் கடைக்கு விரைகின்றனர். மகமல் அங்கியும், சரிகைத் தலைப்பாகையும், வளைந்த மூக்குச் செருப்பும் வந்து சேருகின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் அது சோழன் கோலம் அன்று. பிற்கால அரசவைகளின் கோலம். பார்சி நாடகக் குழுக்களின் வாயிலாக 19ஆம் நூற்றாண்டில் நம் மேடையில் புகுந்து நிலைத்துவிட்டது.

இதனால் என்ன குறை என்று சிலர் வினவலாம். தஞ்சையில் வளரும் பிள்ளை பெரிய கோயிலை நேரில் காண்கிறது. சான்பாடாவில் பிறந்த பிள்ளைக்கோ இம்மேடையே தஞ்சை. இங்குக் கண்டதையே அது தன் முன்னோர் வரலாறு என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆதலின் பொறுப்பு நம்முடையது.

பிற நாட்டார் இதில் காட்டும் கவனம் போற்றத்தக்கது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்ற போரை, இன்றும் ஆர்வலர் கூடி நடித்துக் காட்டுகின்றனர். ஏறத்தாழ 70 மீட்டர் நீளத் துணியில் கம்பளி நூலால் தைத்த பாயோச் சித்திரத்தைப் பார்த்து, தலைக்கவசத்தின் மூக்குத் தகட்டைக்கூட அளவு பிசகாமல் அமைக்கின்றனர். அப்போர் நிகழ்ந்தபோது இங்கு வீரராசேந்திரன் அரசாண்டான். நமக்கு அதனினும் பழைய சித்திரம் உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணுகிறோம்?

1010இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த நடையில், நாயக்கர் காலப் பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே அரசரும் அடியாரும் மார்பில் அங்கியின்றி, இடையில் ஆடையுடுத்து, கூந்தலை முடித்துக் காட்சி தருகின்றனர். துணியின் மடிப்பைக் காணக் குடந்தை நாகேசுவரர் கோயிற் சிற்பங்கள் துணைபுரியும். ஒன்றை நினைவிற் கொள்க: தெய்வத் திருமேனியின் உயர்ந்த மகுடத்தைப் படைவீரன் தலையில் ஏற்றலாகாது.

ஆகவே மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பருத்தி வேட்டி வாங்கினால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள், அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு ஆகிய நிறங்கள் பொருந்தும். கண்ணைப் பறிக்கும் ஊதா வேண்டா. செயற்கைச் சாயம் பிறந்ததே 1856இல்தான்.

அணிகலனுக்குக் கல்வெட்டே பட்டியல் தருகிறது. இராசராசனும் தமக்கை குந்தவையும் கோயிலுக்கு அளித்த நகைகள், முத்தின் எண்ணிக்கையும் அரக்கு உட்பட எடையுமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஏகாவல்லி என்பது ஒற்றைச் சரம்; பாதசாயலம் என்பது காலணி. கண்ணாடி முத்தும், பொற்றாள் ஒட்டிய அட்டையும் கொண்டு தாய்மார் வீட்டிலேயே இவற்றைச் செய்யலாம்.

மாலையிலும் கவனம் தேவை. இந்நகரில் எங்கும் மலிந்துள்ள செண்டுமல்லி மெக்சிகோ நாட்டுப் பூ, நிலச்சம்பங்கியும் அவ்வாறே. இரண்டும் சோழர் காலத்திற்குப் பல நூற்றாண்டு பின்னரே இங்கு வந்தவை. மல்லிகையும் முல்லையும் தாமரையும் இருக்க நமக்கு என்ன குறை?

பெண் குழந்தைகளின் உடையில் ஓவியத்தை அப்படியே பின்பற்ற இயலாது. ஆடையின் நிறத்திலேயே கைகுறுகிய இரவிக்கை அணிவிக்கலாம். அஃது இக்கால வழக்கிற்கு நாம் செய்யும் இணக்கம் என்பதை அவையோருக்குச் சொல்லிவிடுதல் நேர்மை.

இன்னொன்று. அரசன் வேடம் என்றால் முகத்தில் வெண்பூச்சு அப்பும் வழக்கத்தை அறவே விட்டுவிடுக. கறுத்த பிள்ளை தன் நிறத்தோடே சோழனாக நிற்கட்டும். மன்னனாக நிற்கத் தன் நிறத்தை மறைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளுமாயின், அந்நாடகத்தால் நமக்கு விளைந்த பயன் யாது?

ஒத்திகை தொடங்குமுன் அவ்வோவியங்களின் படங்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். உடையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்ற மட்டும் மேடையேறுமுன் நாம் நினைவூட்டினால் போதும்.