அவசரமில்லாத உடம்புகள்

ஆஸ்பத்திரி பாஷையில் நோய்க்கு இரண்டு சாதி உண்டு. ஒன்று எமர்ஜென்சி, மற்றது எலெக்டிவ். எலெக்டிவ் என்றால் இன்று செய்யாவிட்டாலும் உயிர் போய்விடாது, நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று பொருள். மருத்துவப் புத்தகத்தில் இதற்கு நியாயம் இருக்கிறது. விபத்தில் சிதைந்து வருகிறவனை ஓரமாகக் கிடத்திவிட்டு எங்கள் குடலிறக்கத்துக்குக் கத்தி எடு என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த நாளை யார் பார்ப்பது? எதை வைத்துப் பார்ப்பது?

குடலிறக்கம், அடியிறக்கம், மூலம், கண்புரை, தேய்ந்த மூட்டு. இந்த அறுவைகளெல்லாம் எலெக்டிவ். யாருக்கும் வரக்கூடியவைதான். ஆனால் மூட்டை தூக்கியே குடல் இறங்கியவனும், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு நடவுக்குப் போய் அடி இறங்கியவளும் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குக் குடலிறக்கம் ஒரு தொந்தரவு. சுமை தூக்குகிறவனுக்கு அது வேலைநீக்க உத்தரவு. உயிர் போகாது, சரி. கூலி போகும். வட்டிக்கு வாங்க வேண்டிவரும். பிள்ளையின் படிப்பு நிற்கும். இதையெல்லாம் உயிர்க் கணக்கில் சேர்க்காமல் விட்டுத்தான் 'அவசரமில்லை' என்று எழுதுகிறார்கள்.

பெரியாஸ்பத்திரியில் வரிசை எப்படி நகர்கிறது? ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி.க்கு இன்ன நாள், தியேட்டருக்கு இன்ன நாள் என்று இருக்கிறது. அன்றைக்கு எமர்ஜென்சி வந்துவிட்டால் லிஸ்டின் கடைசிப் பெயர்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். மயக்க டாக்டர் இல்லையென்றால் தள்ளிப்போகும். சுகர் ஏறியிருந்தால் ஃபிட்னஸ் இல்லையென்று தள்ளிப்போகும். தள்ளிப்போனால் எடுத்த டெஸ்ட் பழசாகிவிடும், மறுபடி எடு. ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவா. கூட இருக்க ஒரு அட்டெண்டரையும் கூட்டிவா. ஒவ்வொரு 'வா'வுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து.

எங்கள் சின்னம்மா அடி இறங்கி ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மாதம் நடந்தார். மூன்று தடவை அட்மிஷன் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை சாயங்காலம் வரை வெறும் வயிறோடு உட்கார வைத்து, 'இன்னைக்கு டேபிள் இல்லம்மா, அடுத்த வாரம் வா' என்றார்கள். அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மறுநாளே ஆபரேஷன் முடிந்தது. சின்னம்மா என்னிடம் சொன்னார்: 'அவுகளுக்கு உள்ள ஆளு இருக்குய்யா. நமக்கு யாரு இருக்கா? ஊர்ல கெணத்தடியில கொடத்த வச்சுக்கிட்டு நின்னோம்ல, அவுகளா பாத்து ஊத்துற வரைக்கும். இங்க கொடத்துக்குப் பதிலா சீட்டு, அம்புட்டுத்தான்.'

பள்ளிக்கூடம் பார்க்காத சின்னம்மா விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். உள்ளே ஆள் இருப்பது என்றால் என்ன? சொந்தக்கார கிளார்க், தெரிந்த வட்டச் செயலாளர், டாக்டரின் சாயங்கால கிளினிக்கில் ஃபீஸ் கொடுத்து முகம் காட்ட வசதி. இவையெல்லாம் சாதி வழியாகவும் காசு வழியாகவும் வருகிற சொத்து. நம்மிடம் அந்தச் சொத்து கிடையாது. எழுதாத வரிசை காலியாகக் கிடக்காது, சாதி வந்து அதை நிரப்பிக்கொள்ளும். ரெட்டைக் குவளை என்று எந்த டீக்கடையிலும் போர்டு மாட்டியதில்லை. ஆனால் யாருக்கு எந்தக் குவளை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணல் அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்றே பெயர். அதில் கத்தியவாரில் நடந்த ஒரு கொடுமையைச் சொல்கிறார். 1929ல் 'யங் இந்தியா'வில் கடிதமாக வெளிவந்த செய்தி அது. பிரசவித்த தலித் பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை. சாதி இந்து டாக்டர் சேரிக்குள் வர மறுத்து, அவளை வெளியே தூக்கிவரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் அவளுக்கு வைக்கிறார். அவள் செத்துப்போகிறாள். இன்று டாக்டர் நம்மைத் தொடுகிறார். அந்த டாக்டர்களில் இடஒதுக்கீட்டால் வந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தூங்காமல் வேலை செய்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தொடுகிற நாள் எது என்பது மட்டும் இன்னும் அந்தத் தெர்மாமீட்டர் மாதிரி பல கை மாறித்தான் நம்மிடம் வருகிறது.

கூட்டம் அதிகம், பட்டியல் போட்டுக் கட்டுப்படியாகாது என்பார்கள். பொய். உறுப்பு மாற்று அறுவைக்கு இதே தமிழ்நாட்டில் பதிவேடு உண்டு, வரிசை உண்டு, யாருக்கு முன்னுரிமை என்பதற்கு விதி உண்டு. கிட்னிக்கு முடிகிறது, கர்ப்பப்பைக்கு முடியாதா? இங்கிலாந்தில் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கும் சொர்க்கமில்லை. 2023ல் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டி நாறியது. ஆனால் எண்ணினார்கள், அதனால் நாறியது. எண்ணாத இடத்தில் நாற்றமே வெளியே வராது. நாம் செத்தால் கணக்கு, காத்திருந்தால் கணக்கில்லை.

சட்டமும் எமர்ஜென்சியோடு நின்றுவிட்டது. ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லையென்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996ல் உச்சநீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பது 21ஆவது பிரிவின் வாழ்வுரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒன்பது மாதம் இழுத்தடிப்பதும் மறுப்புதானே?

'காப்பீட்டு அட்டை இருக்கே, தனியாருக்குப் போ' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2009ல் கலைஞர் பெயரில் வந்தது, 2012ல் முதலமைச்சர் திட்டமாக மாறியது. அதனால் பிழைத்தவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அட்டை செல்லும். வருமானச் சான்று வாங்க தாலுகா ஆபீசில் இன்னொரு வரிசை. கம்பெனிக்குப் பிரீமியம் கட்டத் தேதி தவறாத அரசு, மயக்க டாக்டரையும் நர்சையும் போடுவதில் மட்டும் ஏன் நாள் பார்க்கிறது?

தோழர்களே, நமது மாவட்டக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அறுவை என்று டாக்டர் எழுதிய அன்றே தேதியும் வரிசை எண்ணும் போட்ட சீட்டு வேண்டும். ஒவ்வொரு யூனிட்டின் வரிசையும் பெயரில்லாமல் எண்ணோடு வாசலில் தொங்க வேண்டும். தள்ளிவைத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். ஒருமுறை தள்ளப்பட்டவருக்கு அடுத்த தியேட்டர் நாளில் முதலிடம். ஆஸ்பத்திரியின் குறையால் தள்ளினால் அந்த நாள் கூலி அரசின் பொறுப்பு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிடு என்கிறது. கேட்டும் வெளியிடாவிட்டால் வாசலில் உட்காருவோம்.

காத்திருப்பது நமக்குப் புதிதில்லை. இனியும் காத்திருக்கத் தயார். எத்தனையாவது ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்.