'பைஸ்டாண்டர்' சுமக்கும் மறுவாழ்வு

கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்கும் உறவினருக்கு 'பைஸ்டாண்டர்' என்று பெயர். ஆங்கிலத்தில் இச்சொல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பவரைக் குறிக்கும். தலைக்காயமுற்றவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்துவதும், படுக்கைப்புண் வராமல் காப்பதும் இந்த 'வேடிக்கை பார்ப்பவர்'தாம்.

இந்தியாவில் தலைக்காயத்திற்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. காயமுற்றோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயது ஆண்கள். கை கால் தளர்ச்சியை ஊர் அறியும். திடீர்ச் சினம், மறதி, மாறிப்போன சுபாவம் ஆகியவற்றை வீடு மட்டுமே அறியும். இவற்றை அருகிருந்து ஆராயும் தகுதி செவிலியத் துறைக்கே மிகுதி. ஆயினும் அத்துறையின் ஆய்வேடுகள் பல ஒரே தடத்தில் செல்கின்றன: ஓர் அளவுகோல், ஒரு 'கட்டமைக்கப்பட்ட கற்பித்தல்', முன்னும் பின்னும் மதிப்பெண்.

அந்த அளவுகோல் பெரும்பாலும் 1980இல் ஸாரிட் குழுவினர் அமெரிக்காவில் மறதிநோயாளரின் குடும்பத்தாருக்காக உருவாக்கியது. அதன் மையச்சொல்லைச் 'சுமை' என்று மொழிபெயர்ப்பது எளிது. மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்க, "கணவர் உங்களுக்குச் சுமையா?" என்று கேட்டால் எந்த மருமகள் ஆமென்பாள்? அங்கே பதிவாகும் குறைந்த மதிப்பெண் நாணத்தின் அளவாகவும் இருக்கலாம்.

குடும்பத்தை வேறுவிதமாகக் கண்ட மரபு இந்நாட்டிலேயே உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரமிட்டு உறவினரைத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்காளிகளாக்கினார். மூளைக்காய மறுவாழ்வில் அந்த அணுகுமுறை இன்னும் வேரூன்றவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியமின்றிப் பராமரிக்கும் உறவினரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது; உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவும் இடமளிக்கிறது. ஆனால் அதன் 21 வகைகளில் மூளைக்காயத்திற்குத் தனிப்பெயர் இல்லை. இயக்கக் குறைபாடு என்றோ அறிவுசார் குறைபாடு என்றோ வேறொரு வாயில் வழியாகவே நுழைய வேண்டும். நடக்க முடிகிற, ஆனால் தனியே விட முடியாத ஒருவரின் மனைவி எந்த வாயிலில் நிற்பாள்? அவள் இழந்த வேலையையும் விழித்த இரவுகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவுசெய்யும் ஆய்வே இக்கேள்வியை அரசின் முன் வைக்கும்.

அத்தகைய ஆய்வுக்கு இங்குள்ள பணியமைப்பு இடந்தருவதில்லை. முனைவர் பட்டம் பெற்ற செவிலியர் பெரும்பாலும் நோயாளியை விட்டு விலகிக் கல்லூரிக்குப் போய்விடுகிறார். வார்டில் இருப்பவருக்கோ ஆய்வு செய்ய நேரமில்லை. மருத்துவப் பேராசிரியர் கற்பித்தலும் சிகிச்சையும் ஒருங்கே செய்கிறார். செவிலியருக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்படுகிறது என்பதைப் பல்கலைக்கழகங்களே விளக்க வேண்டும்.