சித்தப்பாவின் கண்ணும் அஞ்சு லட்சமும்

பி.காம். படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள். ஒன்றே ஒன்று உருப்படியாகத் தெரியும் ஸார். செலவு ரெண்டு வகை. லாரி வாங்கினால் கேபிடல் செலவு. அந்த லாரி டயருக்குக் காற்று அடித்தால் ரெவின்யூ செலவு. அவ்வளவுதான் என் மூணு வருஷப் படிப்பு.

இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே, 70 வயசு தாண்டியவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற இன்ஷூரன்ஸில் கண்ணுக்கு என்ன உண்டு, என்ன கிடையாது என்பதைச் சொல்லிவிடலாம். ஆபீஸில் இருப்பவர்கள் ஃபைலைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டுப் படியுங்கள். உங்கள் அப்பா, அம்மா சமாசாரம்.

2024 அக்டோபர் 29-ம் தேதி ஆரம்பித்த திட்டம் இது. கார்டின் பெயர் ஆயுஷ்மான் வய வந்தனா. (ரெண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.) 70 வயசு ஆகியிருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வயசுக்கு ஆதார்தான் சாட்சி. “ஸ்கூல்ல சேர்க்கறப்ப ரெண்டு வயசு குறைச்சுப் போட்டுட்டாங்க” என்கிற வாதமெல்லாம் எடுபடாது.

வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆளுக்கு 5 லட்சம் இல்லை. வீட்டில் அப்பா, அம்மா ரெண்டு பேரும் 70 தாண்டியவர்கள் என்றால் ரெண்டு பேருக்கும் சேர்த்து 5 லட்சம். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தனியார் பாலிசியோ ஈ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் இதையும் வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.ஹெச்.எஸ்.ஸிலோ, முன்னாள் ராணுவத்தினரின் ஈ.சி.ஹெச்.எஸ்.ஸிலோ இருப்பவர்கள் மட்டும் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு 72. கார்டு கைக்கு வந்த அன்றைக்கே லாமினேட் பண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டார். கூடவே எடுபிடியாக நான்.

“தம்பி, பைஃபோகல் போடணும். ஃபிரேம் கோல்ட் கலர்ல இருக்கட்டும்” என்று கார்டை நீட்டினார்.

கடைப் பையன் முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தான். “ஐயா, இது ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான் செல்லும்.”

“மூக்குக் கண்ணாடி மாட்டிக்கறதுக்கு எதுக்குடா அட்மிட் ஆகணும்?” என்று என்னைப் பார்த்தார் சித்தப்பா.

நியாயமான கேள்வி. பதில் பி.காம். முதல் வருஷப் புத்தகத்தில் இருக்கிறது.

இந்தக் கார்டு கேபிடல் செலவுக்குத்தான் காசு கொடுக்கும். கண்புரை ஆபரேஷன் உண்டு. உள்ளே வைக்கிற லென்ஸும் அந்த பேக்கேஜிலேயே அடக்கம். காலையில் போய் சாயங்காலம் திரும்பினாலும் பரவாயில்லை. விழித்திரை கிழண்டு வந்தால் ஆபரேஷன், கண்ணழுத்தத்துக்கு ஆபரேஷன், இதெல்லாமும் உண்டு. அட்மிட் ஆவதற்கு முந்தின 3 நாள் செலவும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் செலவும் கணக்கில் சேரும்.

ரெவின்யூ செலவு? மூச்! சும்மா போய் டாக்டரைப் பார்த்தால் கிடையாது. பவர் செக் பண்ணினால் கிடையாது. சாளேஸ்வரக் கண்ணாடி கிடையாது. மாதாமாதம் விடுகிற சொட்டு மருந்தும் கிடையாது.

நம்ம ஊர்தான் இப்படி என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 65 வயசுக்காரர்களுக்கென்று 1965-ல் சட்டமான மெடிகேரும் கண்ணாடிக்குக் காசு தராது. புரை ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைத்தால் மட்டும் ஒரு ஜோடி. ஆனால் அங்கே ஒரு புத்திசாலித்தனம் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒரு தடவை விழித்திரைச் சோதனை, க்ளாக்கோமா வர வாய்ப்புள்ளவர்களுக்கு வருஷம் ஒரு தடவை அதற்கான சோதனை, இந்த ரெண்டுக்கும் பெரும்பங்கு பணத்தை அதுவே கட்டிவிடுகிறது. டயருக்குக் காற்று அடிக்காவிட்டால் லாரியே படுத்துவிடும் என்று எவரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்!

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது.

கடையிலிருந்து திரும்பிய சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். “விடுடா. புரை நல்லா முத்தட்டும். கார்டுதான் இருக்கே, ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிக்கறேன்.” கார்டு வாங்கின பாதிப் பெரியவர்களின் மனசில் ஓடுவது இதுதான். கையில் அஞ்சு லட்சம் இருக்கிற தைரியத்தில் ஐம்பது ரூபாய் ஆட்டோவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

புரை காத்திருக்கும் ஸார், ஆபரேஷன் பண்ணினால் பார்வை திரும்பும். க்ளாக்கோமா காத்திருக்காது. வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே வரும். சுரண்டினதை எந்த ஆபரேஷனும், எத்தனை லட்சமும் திருப்பித் தராது. சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் ஆரம்பத்தில் வெளியே தெரியாது.

சித்தப்பாவை வலுக்கட்டாயமாக அரசு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். புரை சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணழுத்தம் அதிகம். இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயே போயிருந்தது. ஸ்கூட்டர்காரர்களெல்லாம் இடது பக்கமாக வந்து இடிக்கிறார்கள் என்று ரெண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம். மிச்சத்தைக் காப்பாற்ற இப்போது தினமும் சொட்டு மருந்து.

ரெவின்யூ செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 1976-லிருந்தே தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனை, புரை ஆபரேஷன் ரெண்டும் இலவசம். அதற்கு 70 வயசும் வேண்டாம், கார்டும் வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லிருந்து இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கண் சிகிச்சை முகாம் நோட்டீஸைப் பார்த்தால் கிழித்துப் போடாதீர்கள்.

பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு போனஸ். அப்பா, அம்மாவின் முன்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை, மொத்த வரம்புக்கு உட்பட்டு, கழித்துக்கொள்ளலாம். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷன்தான் என்றாகிவிட்டால், போவதற்கு முன்னால் 14555-க்கு ஒரு போன். அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் இருக்கிறதா, பேக்கேஜில் எந்த லென்ஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணழுத்தமும் விழித்திரையும் பார்த்துவிடுங்கள். “எனக்கென்னடா? எதிர்வீட்டுக்கு யார் வர்றாங்க, போறாங்கன்னு எல்லாம் தெரியுதே!” என்பார்.

எதிர்வீடு தெரியும் ஸார். பக்கத்து வீடு தெரிகிறதா என்று கேளுங்கள்.