குற்றச்சாட்டே தீர்ப்பாகலாமா?

பெங்களூரு வைட்ஃபீல்டில் வரிசையாக எழுந்து நிற்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் துப்புரவுப் பணியிலும் காவல் பணியிலும் இருப்போர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2017-இல் ரூ. 21,000 என நிர்ணயிக்கப்பட்ட மாத ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்கள் இ.எஸ்.ஐ. காப்பீடு பெறுகிறார்கள். வேலை இழந்தால் கைகொடுப்பதற்கென்று 2018 ஜூலையில் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

தொடக்கத்தில் சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த நிவாரணம், கொரோனா காலத்தில், 2020-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாள்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே இந்த உதவி. நிறுவனத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது தளர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றங்கள்தான். ஆனால், ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு இந்த நிவாரணம் கிடையாது.

திருடியவருக்கும் அடிதடியில் இறங்கியவருக்கும் உதவித்தொகை எதற்கு என்கிற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒழுங்கீனம் நடந்ததா என்பதை யார் தீர்மானிப்பது? ஆள்குறைப்பு என்றால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று எழுதிவிட்டால் அந்தச் செலவு இல்லை. லாபமடையும் தரப்பே குற்றம் சாட்டவும் தீர்ப்பு எழுதவும் செய்வது எப்படி நியாயமாகும்?

குற்றப்பத்திரிகை, விளக்கம் கேட்பு, விசாரணை ஆகியவற்றை உறுதி செய்பவை நிலையாணைகள். கர்நாடக அரசோ தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அந்தச் சட்டத்திலிருந்து 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து விலக்கு அளித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் மீதான விசாரணையைச் சாதாரணமாக 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. ஆனால், நிலையாணைகள் கட்டாயமாவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 100-லிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. சிறு ஒப்பந்ததாரரிடம் பணிபுரிபவருக்கு இதனால் என்ன பாதுகாப்பு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1941-லேயே, ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் வழக்கில், திறமைக் குறைவும் கவனப் பிசகும் ஒழுங்கீனம் ஆகாது. முதலாளியின் நலனை வேண்டுமென்றே புறக்கணிப்பதே ஒழுங்கீனம் என்று வரையறுத்தது. அங்கே ஒழுங்கீனத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

இங்கும் அதுவே விதியாக வேண்டும். முறையான விசாரணை நடந்ததற்கான ஆவணத்தை நிறுவனம் அளிக்காதவரை நிவாரணத்தை மறுக்கக் கூடாது. குற்றம் பின்னர் நிரூபணமானால் தொகையைத் திரும்பப் பெறலாம். நீதிமன்றம் சில ஆண்டுகள் கழித்து நிரபராதி என்று சொல்வதால், வேலை இழந்த மாதத்தில் அணைந்த அடுப்பு எரிந்துவிடாது.