காலைக் குளிரில் மட்டும் நின்றுபோகும் வேன்

நீலகிரி மாவட்டம் கேத்தியிலிருந்து கேரட் விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய 800 சிசி பெட்ரோல் வேன், இன்ஜெக்டர் வைத்த எஞ்சின். அதிகாலை 4 மணிக்கு மூட்டை ஏற்றி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறார். மழைக்காலம் வரை சரியாக ஓடிய வண்டி, மார்கழி பிறந்ததும் முரண்டு பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, உடனே குலுங்கி நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே இருந்தால் ஓடுகிறது. ஏழெட்டு நிமிடம் கழித்துச் சூடு ஏறியதும் எந்தக் குறையும் இல்லை. ஸ்பார்க் பிளக், பேட்டரி, பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றியாகிவிட்டது. இப்போது ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினையே இறக்கிப் பார்க்கலாம் என்கிறார்களாம். இறக்கத்தான் வேண்டுமா?

அவசரம் இல்லை. எஞ்சினே தேய்ந்திருந்தால், சூடான பிறகும் இழுவை குறையும், ஏற்றத்தில் திணறும், ஆயில் குறையும். சூடானதும் ஒழுங்காக ஓடும் எஞ்சினில் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஒரு பங்கு உள்ளே போகும் வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிரில் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும், ஐடிலிங்கைத் தூக்கிப் பிடிக்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்தோமே, அதே வேலையைத்தான் இப்போது கம்ப்யூட்டர் (ஈசியு) செய்கிறது. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அந்தச் சிறிய சென்சார் ‘எஞ்சின் சூடாக இருக்கிறது’ என்று தப்பாகச் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். எஞ்சின் நிஜமாகவே சூடான பிறகு அந்தப் பொய் உண்மையாகிவிடுவதால் குறை மறைந்துபோகிறது.

இந்த வகைக் கோளாறு ஒர்க்‌ஷாப்பில் பிடிபடாததற்குக் காரணம் எளிது. வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போதே எஞ்சின் சூடாகிவிடுகிறது. மெக்கானிக் பார்க்கும்போது நன்றாக ஓடுகிறது. பிறகு அவரும் ஊகத்தில்தான் பாகம் மாற்றுகிறார். எனவே வண்டியை முதல்நாள் மாலையே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, காலையில் யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்கச் சொல்ல வேண்டும். சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தால் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே 8 டிகிரி, ஸ்கேனரில் 40 டிகிரி என்றால் சென்சாரோ அதன் வயரோ குற்றவாளி. ஸ்கேனர் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். குளிர் கூடக் கூட ஓம் ஏற வேண்டும். கனெக்டரில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மலை ஈரத்துக்கு அது சாதாரணம்.

இங்கே ரேடியேட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று அடைத்தாலும் கணக்கு தப்பும். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் துரு பிடிக்கும். உறைபனி விழும் இடத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பிளாக்கையே வெடிக்க வைக்கவும் கூடும். இன்னொரு கெட்ட பழக்கம், ‘எஞ்சின் சூடாகிறது’ என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. சமவெளியிலேயே அது தவறு. நீலகிரியில் அப்படிச் செய்தால் எஞ்சின் சூடாகவே அரை மணி ஆகும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகவே குடிக்கும்.

ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் நிற்காமல் ஓடுகிறது என்று அவர் எழுதியிருப்பது நல்ல துப்பு. ஐடிலிங்குக்கான காற்று போகும் வழி கரி பிடித்து அடைத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். த்ராட்டில் பாடியையும் ஐடில் ஏர் வால்வையும் கழற்றி, அதற்கான கிளீனர் ஸ்பிரேயால் கரி போகத் துடைக்க வேண்டும். செலவு குறைவான வேலை என்பதால் சென்சார் சோதனையோடு இதையும் முடித்துவிடலாம். ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றித் தரும் வைத்தியத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதில் குறை மறையும், தீராது.

அடுத்தது ரப்பர் ஹோஸ்கள். குளிரில் ரப்பர் விறைத்து, விரிசல் திறக்கும். சூட்டில் நெகிழ்ந்து மூடிக்கொள்ளும். அதிகாலை அமைதியில் ஸ்டார்ட் செய்து காது கொடுத்தால் ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்கும். சந்தேகமான இணைப்பில் லேசாகத் தண்ணீர் பீய்ச்சும்போது எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பிளக் வயரை இருட்டில் பார்ப்பதும் நல்லது. ஈரத்தில் கரண்ட் கசிந்தால் நீலப் பொறி தெரியும். கை வைக்கக் கூடாது.

பெட்ரோல் பம்ப்பை மாற்றியதற்கு முன் ஒரு சோதனை செய்திருக்கலாம். சாவியை ஆனில் இரண்டு விநாடி வைத்து ஆஃப் செய்து, இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்வது. அப்போது மட்டும் ஒழுங்காக ஓடினால் பிரச்னை பெட்ரோல் அழுத்தத்தில். காசு செலவில்லாத சோதனை.

பழுது பார்க்கும் வரை ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குன்னூர் மலைப்பாதையில் வளைவுக்கு முன் கிளட்ச்சை மிதிக்கும்போதோ, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும்போதோதான் இந்த வேன் நின்றுபோகும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றால் ஓரிரு முறைதான் பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். மூட்டை ஏற்றிய வேனில் அது போதாது. ஆகவே மிதிக்காமலே ஐடிலிங் நிற்கும் வரை கேத்தியிலேயே காத்திருந்து, இறக்கத்தில் கியரிலேயே வர வேண்டும்.

பூஸ்டர் ஹோஸிலேயே கசிவு இருக்கவும் கூடும். எஞ்சினை நிறுத்தி, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் அன்றைக்கு வேறு வண்டியில் மூட்டையை அனுப்புவதுதான் சரி.