பெயர் ஒன்றானால் போதுமா?

உணவுச் சீட்டு, நூலகப் பட்டியல், விழாவுக்குப் பெயர் கொடுத்தல் - எதை எடுத்தாலும் இன்று திரையில் ஒரு படிவம், அதன் பின்னால் ஒரு தரவுத்தளம். அவற்றை ஜாவாவில் எழுதிப் பழகும் மாணவர்களில் நானும் ஒருவன். திரையில் தெரியும் பெட்டிக்கும் உள்ளே உறையும் தரவுக்கும் நடுவே நாம் போடும் முடிச்சைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். இது கணிப்பொறித் துறையாரின் சொந்த விவகாரம் என்று பிற துறை அன்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் இவ்வாண்டு திரைக்கு வரப் போகிறது. உங்கள் பெயரும் அறை எண்ணும் தொலைபேசி எண்ணும் அந்த முடிச்சில்தான் தொங்கப் போகின்றன!

விக்கெட் என்னும் ஜாவா சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். 2004-இல் தோன்றி, 2007-இல் அப்பாச்சி அமைப்பின் தனித் திட்டமாக உயர்ந்தது அது. அதில் திரையிலுள்ள பெட்டி எதுவும் தரவைத் தன் மடியில் கட்டிக்கொள்வதில்லை. 'மாடல்' என்ற இடையாளிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. நாம் எழுதியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது. உறுப்பினர் பெயரை நேரே எடுத்துத் திரையில் ஒட்டினால், அது அன்று எடுத்த புகைப்படம். பின்னர் பெயர் மாறினாலும் படம் மாறாது. மாடல் வழியே கேட்டால், அது கண்ணாடி. எதிரே உள்ளதையே எப்போதும் காட்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அந்த இடையாளை நாம் எப்படி நியமிக்கிறோம் என்பதே கேள்வி.

நம்மில் பெரும்பாலோர் கைக்கொள்வது 'பிராபர்ட்டி மாடல்'. "இந்தப் பொருளின் 'அறை' என்ற பண்பைக் கொண்டு வா" என்று ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி விடுகிறோம். எழுதுவது எளிது. ஆனால் நாளை ஒருவர் அந்தப் பண்பை 'அறை எண்' என்று மாற்றினால் என்ன ஆகும்? மேற்கோளுக்குள் இருப்பது கம்பைலருக்கு வெறும் எழுத்துக் கோவை. அது வாய் திறக்காது. பக்கத்தைத் திறக்கும் உறுப்பினர்தான் பிழைச் செய்தியைக் காண்பார். 2018-இல் வந்த விக்கெட் 8 'லாம்டா மாடல்' என்ற வேறு வழியைத் தந்தது. அதில் பெயரை எழுதாமல், படிக்கும் செயலையும் மாற்றும் செயலையும் நேரே சுட்டுகிறோம். பண்பு மாறினால் கம்பைலரே கையைப் பிடித்து நிறுத்தும். தவறு எழுதியவர் முன்னே தெரிவது நல்லதா, பயன்படுத்துவோர் முன்னே தெரிவது நல்லதா? அன்பர்களே முடிவு செய்யட்டும்.

இது வசதியின்மை மட்டுமே. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. விக்கெட்டில் நாம் திரையில் வைத்த பெட்டிகளுக்கு மட்டுமே தரவு வந்து சேரும். ஸ்பிரிங் என்னும் சட்டகமோ, உலாவி அனுப்பும் பெயர்களைப் பொருளின் பண்புகளோடு தானே பொருத்திப் பார்க்கும். பெயர் ஒத்தால் மதிப்பை ஏற்றிவிடும். படிவத்தில் பெயரும் அறை எண்ணும் மட்டுமே இருக்கலாம். உறுப்பினர் என்ற பொருளிலோ 'நிர்வாகி' என்ற பண்பும் இருக்கலாம். குறும்புக்காரர் ஒருவர் 'நிர்வாகி = ஆம்' என்று சேர்த்து அனுப்பினால், தடுப்பதற்கு நாம் ஒன்றும் செய்து வைக்காதபோது, அதுவும் ஏறிவிடும். வாசலில் நிற்பவர் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பாராமல் உள்ளே விடுவது போன்றது இது!

கற்பனை அச்சமன்று இது. ஜாவாவில் எல்லாப் பொருளுக்கும் 'கிளாஸ்' என்ற பண்பு பிறவியிலேயே உண்டு. அதன் வழியே உள்ளே நுழைய முடியும் என்பது 2010-இல் வெளிப்பட்டது. ஸ்பிரிங் அவ்வழியை அடைத்தது. 2017-இல் வந்த ஜாவா 9, அதே 'கிளாஸு'க்கு 'மாட்யூல்' என்ற புதிய பண்பைச் சேர்த்தது. அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் திறந்தது. 2022 மார்ச்சில் அது உலகறிந்த செய்தியாயிற்று: டாம்கேட்டில் வார் கோப்பாக நிறுவிய தளங்களில் அயலார் தம் நிரலையே ஓட்ட முடிந்தது. 5.3.18, 5.2.20 என்ற திருத்தப் பதிப்புகள் அவசரமாக வெளிவந்தன. தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டால், நாளை பிறக்கப் போவது அதில் இராது. அனுமதிப்பவற்றைப் பட்டியலிடுவதே அறிவுடைமை.

"நாற்பது பெட்டிகள் உள்ள படிவத்தில் ஒவ்வொன்றையும் கையால் கட்டுவதா? தேர்வு நெருங்கும்போது யாருக்கு நேரம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தானியங்கிப் பிணைப்பே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. படிவத்தில் உள்ள பண்புகளை மட்டுமே கொண்ட தனிப் பொருள் ஒன்றை எழுதி, அதனோடு தானியங்கியை இணைத்துவிடலாம். நாற்பது வரிகள் மிச்சப்படும். 'நிர்வாகி' என்ற பண்பே அங்கு இராததால் ஏறவும் வழியில்லை. ஸ்பிரிங்கிலேயே அனுமதித்த பண்புகளை வரையறுக்கவும் இடமுண்டு.

ஆகவே, பதிவேட்டை எழுதப்போகும் தோழர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. தரவுத்தளப் பொருளை நேரே படிவத்தோடு கட்டாதீர்கள். பெயர்க் கோவையை நம்புவதைவிடக் கம்பைலர் காணக்கூடிய பிணைப்பை விரும்புங்கள். படிவத்தில் இல்லாத ஒரு பண்பை வேண்டுமென்றே அனுப்பி, அது ஏறுகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். வெளியூரில் வந்து படிக்கும் நம்மவர் பலர், வேறெங்கும் கொடுக்கத் தயங்கும் விவரங்களையும் சங்கம் என்பதால் நம்பிக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது மிகையாகாது என்பது என் துணிபு.