800 ரிங்கிட்டுக்கு இயந்திரம். 40 ரிங்கிட்டுக்குக் காதுக்கவசம் இல்லையாம்!



"ஒரு சருகு ஊதுற மெசினுக்கா டீச்சர் இவ்வளவு பேச்சு?"

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் செயலவை உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் அமர்ந்துவிட்டேன். அன்று விழுங்கிய விடையை இன்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் பள்ளி வளாகத்தில் மூன்று தூங்குமூஞ்சி மரங்களும் திடலோரத்தில் ஒரு வரிசை அங்சானா மரங்களும் நிற்கின்றன. நிழலுக்குக் குறைவில்லை, சருகுக்கும் குறைவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உணவுச் சந்தையில் திரட்டிய பணத்தில் சங்கம் 800 ரிங்கிட்டுக்கு ஒரு 'புளோவர்' வாங்கிக் கொடுத்தது. பெட்ரோலில் ஓடும் இருவீச்சு இயந்திரம். குழாயை ஒரு பக்கம் பொருத்தினால் ஊதும். மறுபக்கம் அகலக் குழாயையும் பையையும் மாட்டினால் சருகை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியால் நறுக்கிப் பையில் நிரப்பும். சபைக்கூடலில் மாலை போடாத குறையாக அதனை வரவேற்றோம். படம் எடுத்தோம். அதனோடு வந்த கையேட்டை மட்டும் ஒருவரும் பிரிக்கவில்லை.

அந்த நாள் முதல் அது யார் கையில் கிடைத்ததோ அவர் கையில் ஓடியது. தோட்டவேலை செய்யும் அண்ணன் விடுப்பு என்றால் பாதுகாவலர். அவரும் இல்லையென்றால் ஆறாம் ஆண்டு மாணவர்களில் 'கொஞ்சம் வளர்த்தியான பையன்'. ஆம், மாணவன்தான்! இதை நேரில் கண்டு தடுத்தவள் நான். "பையன் ஆசப்படுறான் டீச்சர்" என்பதே எனக்குக் கிடைத்த விளக்கம்.

இனி, கூட்டத்தில் நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, கோத்தோங் ரோயோங். முந்தைய இரவு மழை பெய்திருந்ததால் சருகெல்லாம் நனைந்து கிடந்தது. உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது. இயந்திரத்தைப் பிடித்திருந்த தந்தையொருவர் விசையைக் குறைத்தார், இயந்திரத்தை நிறுத்தவில்லை. குழாயைக் கழற்றிவிட்டு, வாயிலில் சிக்கியிருந்த ஈரச் சருகை இழுக்கக் கையை உள்ளே விட்டார். பையைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவன் அவருடைய மகன், நான்காம் ஆண்டு. நான் இருபதடி தொலைவிலிருந்து கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையுறையின் நுனி விசிறியில் மாட்டியது. இரண்டு விரல்களில் தையல், ஒரு நகம் போனது. கையுறை கிழிந்து வந்ததால் விரல் தப்பியது. அந்தப் பிள்ளை அதன்பின் ஒரு வாரம் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

குழாயைக் கழற்றினால் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும். எங்கள் இயந்திரத்தில் அதற்கென்றே ஒரு பாதுகாப்பு விசை உண்டு. ஆனால், 'அடிக்கடி நின்னு தொல்ல கொடுக்குது' என்று யாரோ அதனைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். யார் என்று நான் தேடப் போவதில்லை. கட்டியிருந்தது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பொருள் எனக்குத் தெரியாமல் இருந்தது என் குற்றம்.

"நாங்க தோட்டத்துல பொறந்தவங்க. பதினெட்டு வயசுலேர்ந்து புல்வெட்டுற மெசின் பிடிக்கிறோம். எங்களுக்கே பாடமா?" என்று கேட்கிறார்கள். ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே உங்களை ஏமாற்றுவதே அந்த அனுபவம்தான்! தோளில் மாட்டிப் புல்வெட்டும் இயந்திரத்தில் 'கிளட்ச்' உண்டு. விசையைக் குறைத்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டும் முனை நின்றுவிடும். புளோவரில் பொதுவாக அந்த ஏற்பாடு கிடையாது. விசிறி இயந்திரத் தண்டோடு நேரே பிணைக்கப்பட்டிருக்கும். இயந்திரம் ஓடும்வரை விசிறியும் சுழலும். மெல்ல உறுமுகிற போதும் சுழலும். அணைத்த பிறகும் சில நொடிகள் சுழலும். இருபது ஆண்டுகள் புல்வெட்டியவரின் கைதான் 'விசையைக் குறைத்தாயிற்று, இனி அச்சமில்லை' என்று உள்ளே போகும். அன்று போனதும் அப்படித்தான். இயந்திரத்தை அணைக்க வேண்டும். விசிறி நின்றுவிட்டதைக் கண்ணால் காண வேண்டும். தீப்பொறிச் செருகியின் (ஸ்பார்க் பிளக் என்றால்தான் கடையில் புரியும்) மூடியைக் கழற்ற வேண்டும். அதன்பிறகே கை. சருகை எடுக்கக் கையைவிட ஒரு குச்சி மேல். இவ்வளவும் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, இரைச்சல். என் தந்தையார் செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வந்தபோது, வாசலில் அழைப்பு மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. பேரப்பிள்ளை சொல்லும் கதைக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். அக்காலத்தில் காதுக்கவசம் கேட்டவனை 'பொம்பளப்புள்ள' என்று கேலி செய்தார்களாம். இன்று நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குமுறை இருக்கிறது. எட்டு மணி நேர வேலைநாளுக்கு 85 டெசிபல் என்பது வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். பெட்ரோல் புளோவரைப் பிடித்திருப்பவரின் காதருகே 100 டெசிபலை ஒட்டி வருவதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினைந்தே நிமிடம்! எங்கள் அண்ணன் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வெறுங்காதோடு ஓட்டுகிறார். ஒரு காதுக்கவசம் 40 ரிங்கிட். சங்கத்தின் விடை, 'அடுத்த ஆண்டு நிதியில் பார்ப்போம்'. ஆண்டுப் பொதுக்கூட்ட விருந்தில் பிரியாணி மிஞ்சிப் போனதை நானே பார்த்தேன். சரி, அது வேறு கதை.

இந்த ஒன்றரை மணி நேரம் எப்போது தெரியுமா? காலை எட்டு முதல் ஒன்பதரை வரை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கேட்டல், பேச்சுத் திறன் நடத்தும் வேளையில் சன்னலுக்கு வெளியே இது அலறும். லகர, ழகர வேறுபாட்டை நான் எந்தக் குரலில் சொல்லித் தருவது? பள்ளி விட்ட பிறகு ஓட்டச் சொன்னால், 'அப்போது வெயில்' என்கிறார்கள். அண்ணனை வெயிலில் நிறுத்த நானும் விரும்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஓட்டலாமே! அதற்குக் கூடுதல் நேர ஊதியம் தர வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. இருவீச்சு இயந்திரத்துக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். எங்கள் இயந்திரத்துக்கு 50க்கு 1. அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். கலவை இளஞ்சிவப்பு நிறம். அது எதில் இருந்தது? கனிமநீர்ப் போத்தலில்! சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்து அறையில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில். நம் பிள்ளைகள் விருந்துகளில் குடிக்கும் ரோஜாப்பாலின் நிறத்துக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை. பெட்ரோலை விழுங்கிய குழந்தைக்கு மூச்சுக்குழாய் வழியே அது நுரையீரலுக்குள் இறங்குவதே பேராபத்து. அதனால்தான் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்கிறார்கள். அந்தப் போத்தலை நான் எடுத்துக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்தேன். மறுவாரம் புதிய போத்தல், அதே தட்டு. எரிபொருளுக்கென்றே செய்த கலன் கடையில் கிடைக்கிறது. அதில் ஊற்றிப் பெயரெழுதிப் பூட்டி வைப்பது அவ்வளவு பெரிய அறிவியலா?

நிரப்புவதிலும் இதே கதைதான். சூடாக இருக்கும் இயந்திரத்திலேயே ஊற்றுகிறார்கள், வாயில் சிகரெட்டோடு. அணைத்துச் சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய்த்தான் இழுத்து முடுக்க வேண்டும். மண்டபத்துக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பொங்கல் விழாவைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். திடலில் ஒன்பது பானை வைத்தோம். மறுநாள் அடுப்புச் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டாமல் புளோவரால் உறிஞ்சினார்கள். மேலே சாம்பல், அடியில் கங்கு. பைக்குள் காய்ந்த சருகுத் தூள், அதை விசிறிவிட காற்று, கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் தொட்டி! பை புகையத் தொடங்கியதும் அண்ணன் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். நல்லவேளை. சாம்பலும் சிகரெட்டுத் துண்டும் அந்தப் பைக்குள் போகவே கூடாது என்று கையேட்டின் முதற்பக்கங்களிலேயே படம் போட்டிருக்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் படம்.

தூய்மைக்காகத்தானே வாங்கினோம் என்பார்கள். எங்கே தூய்மை? உறிஞ்ச நேரமாகிறதென்று ஊதி ஊதிச் சருகையெல்லாம் கால்வாயில் தள்ளிவிடுகிறார்கள். அடைத்துத் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். பின்னர்ச் சுகாதார அலுவலகத்தார் வந்தால் 'எங்கள் பள்ளியில் புளோவரே இருக்கிறதே' என்று காட்டுவோமா?

பராமரிப்பைப் பற்றி என்ன சொல்ல! காற்று வடிகட்டியை இரண்டு ஆண்டில் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. நான் திறந்தபோது நாய்க்குடை நிறத்தில் ஒரு படலம். புகைபோக்கியில் இருக்கும் தீப்பொறித் தடுப்பு வலை கரியால் அடைந்திருந்தது. உறிஞ்சும் பையின் பல்லிழுவை அறுந்து, சணலால் கட்டியிருந்தார்கள். அந்தக் கிழிசல் வழியே தெறிக்கும் கல் ஓட்டுபவரின் முகத்தைத்தான் தேடும். ஆண்டிறுதி விடுமுறைக்குத் தொட்டியில் எரிபொருளை அப்படியே விட்டுப் போனோம். கலவை ஒரு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கெட்டுப்போய்ப் பிசினாகி எரிபொருள் குழாயை அடைத்தது. தொட்டியை வடித்து, மிச்சத்தை ஓட்டித் தீர்த்துவிட்டு வைத்திருந்தால் அந்தப் பழுதுபார்ப்புச் செலவு 180 ரிங்கிட் இல்லை. நான்கு காதுக்கவசம் வாங்கியிருக்கலாம்!

"நம்ம ஆளுங்களுக்கு ஒன்னும் ஆகாது டீச்சர், உழச்ச உடம்பு." இந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்குச் சினம் தலைக்கேறுகிறது. தோட்டங்களில் நம் தாய்மார்கள் முகமூடியும் கையுறையுமின்றிப் பராகுவாட் மருந்தடித்தபோதும் இதையேதான் சொன்னார்கள். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 சனவரி முதல் நாள்தான் முழுத்தடை வந்தது. அத்தனை ஆண்டுகளும் 'ஒன்றும் ஆகாத' உடம்புகள் அவை. அன்று முதலாளி சொன்னான். இன்று நம் பள்ளியில், நம் அண்ணனுக்கு, நாமே சொல்கிறோம். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 சூன் முதல், சில விலக்குகள் நீங்கலாக, நாட்டின் எல்லாப் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. பள்ளியும் பணியிடம்தான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இயந்திரம் கற்றுத் தரவில்லை. வாசிக்கக் கற்றுத் தந்தார்கள். ஆகவே கையேட்டை எடுத்து இரண்டு மாலைப் பொழுதுகள் வாசித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்ததைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கிப் பண்டக அறைக் கதவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அதன்மேல் போட்டி விளையாட்டு அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள்.

இயந்திரத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. முறையாக ஓட்ட ஆளும் மனமும் இல்லையென்றால் ஈர்க்குச்சித் துடைப்பமே போதும், அது யார் விரலையும் கேட்காது என்றுதான் சொல்கிறேன். ஓட்டுவதென்றால் ஒரே ஒருவர், பழகியவர், பெரியவர். காதுக்கவசம், கண்ணாடி, முகமூடி, மூடிய காலணி. பாட வேளையில் கூடாது. பிள்ளைகள் பதினைந்து மீட்டருக்கு அப்பால். கட்டிய கம்பியை அவிழ்த்து அந்தப் பாதுகாப்பு விசையைச் சரிசெய்த பிறகே முதல் ஓட்டம். வரும் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த நான்காம் ஆண்டு மாணவனின் தாயார் தொலைபேசியில் அழைத்து, தாம் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை இயந்திரம் பண்டக அறையில்தான் இருக்கும். ஓடாது. தீப்பொறிச் செருகி என் மேசை இழுப்பறையில், சிவப்புமைப் பேனாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுவோர் வந்து கேட்கலாம்; காதுக்கவசத்தோடு வந்தால் தருகிறேன்.